பிளேட்லெட் ஏறினால் போதுமா? டெங்கு காய்ச்சல் மூளையையும் நரம்பையும் பாதிப்பது எப்படி? வட சென்னை ஏன் கவனிக்க வேண்டும்?

வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்ததும் வரும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். சொந்தக்காரர்கள் போன் செய்தாலும் அதே கேள்வி. காலையில் ஒரு லட்சம், மாலையில் எண்பதாயிரம் என்று கிரிக்கெட் ஸ்கோர் போல அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்போம். அது ஏறத் தொடங்கினால், "அப்பாடா, தப்பிச்சாச்சு" என்று மூச்சு விடுவோம்.

ஆனால் டெங்குவில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. அது ரத்தப் பரிசோதனை சீட்டில் வராது. நோயாளி தெளிவாகப் பேசுகிறாரா, கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறாரா, எழுந்து நடக்க முடிகிறதா என்பதுதான் அது. காரணம், டெங்கு சிலருக்கு மூளையையும் நரம்புகளையும் பாதிக்கும். எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தால் சில மணி நேரத் தாமதம்கூட ஆபத்தாகலாம்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் வட சென்னையின் துறைமுக, தொழிற்சாலைப் பகுதிக்கு இந்தத் தகவல் இன்னும் முக்கியம். ஏன் என்பதைப் பார்ப்போம்.

சுருக்கமாக:

• டெங்கு பாதிப்பில் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். சிலருக்கு மட்டுமே மூளை, நரம்பு பாதிப்பு வருகிறது.
• காய்ச்சல் குறையும் நாட்களில்தான் ஆபத்து அதிகம். "ஜுரம் விட்டுடுச்சு" என்பது நோய் முடிந்ததற்கு அடையாளம் இல்லை.
• குழப்பமான பேச்சு, அதிகத் தூக்கம், வலிப்பு, திடீர் கை கால் தளர்ச்சி இருந்தால் பிளேட்லெட் எவ்வளவு இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
• காய்ச்சல் போய் 2, 3 வாரங்களுக்குப் பிறகும் சிலருக்கு நரம்புப் பிரச்சினை வரலாம்.

டெங்கு மூளையைத் தாக்குமா?

டெங்கு வைரஸ் முக்கியமாக ரத்தநாளங்களையும் ரத்த அணுக்களையும் பாதிக்கும் நோயாகத்தான் பல காலம் பார்க்கப்பட்டது. மூளைக்காய்ச்சல் என்றால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்தான் டாக்டர்களின் நினைவுக்கு முதலில் வரும். இத்தனைக்கும் டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஃபிளேவி வைரஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்தப் பார்வையை மாற்றிய ஆய்வுகளில் ஒன்று வியட்நாமில் நடந்தது. ஹோ சி மின் நகரில் உள்ள வெப்பமண்டல நோய்கள் மருத்துவமனையில், மூளை, நரம்புத் தொற்று இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட 378 நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 16 பேருக்கு டெங்கு தொற்று இருந்தது. 2000ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது. பின்னர் கண்டறியப்பட்டவர்களையும் சேர்த்து 21 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் 12 பேருக்கு மருத்துவமனைக்கு வந்த நேரத்தில் டெங்குவுக்கே உரிய வழக்கமான அறிகுறிகள் எதுவும் இல்லை என்பது தெரிந்தது. அதாவது, "இது டெங்கு" என்று பார்த்தவுடன் சந்தேகப்படவே வழியில்லாத நோயாளிகள்.

இந்தியாவிலும் இத்தகைய பாதிப்புகள் பதிவாகியுள்ளன. லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள், டெங்குவுடன் நரம்பு பாதிப்பும் இருந்த 17 நோயாளிகளைப் பற்றி 2006இல் எழுதினார்கள். அவர்களில் 11 பேருக்கு மூளையின் செயல்பாடு பாதித்திருந்தது. 6 பேருக்குக் கை கால்கள் தளர்ந்து போயிருந்தன.

2009இல் உலக சுகாதார நிறுவனம் டெங்குவை வகைப்படுத்தும் முறையை மாற்றியது. அப்போது, நினைவு தடுமாறுவதைத் 'தீவிர டெங்கு'வின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அசாதாரண சோர்வு அல்லது அமைதியின்மையை எச்சரிக்கை அறிகுறிகளின் பட்டியலில் வைத்தது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறுகளில் ரத்தம் ஆகியவற்றோடு, "ஆள் ஒரு மாதிரியா இருக்காரு" என்பதும் ஒரு மருத்துவ அறிகுறிதான்.

எத்தனை பேருக்கு வரும்? மருத்துவமனையில் சேர்க்கப்படும் டெங்கு நோயாளிகளில் 1 சதவிகிதத்துக்கும் குறைவு என்று சொல்லும் ஆய்வும் உண்டு, 20 சதவிகிதம் வரை என்று சொல்லும் ஆய்வும் உண்டு. எந்த மருத்துவமனை, எவ்வளவு தீவிரமான நோயாளிகள், எதையெல்லாம் நரம்பு பாதிப்பாகக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறுகிறது. டெங்கு தொற்று ஏற்படும் 4 பேரில் ஒருவருக்குத்தான் உடல்நிலை பாதிக்கிறது. அப்படிப் பாதிக்கப்படும் 20 பேரில் சுமார் ஒருவருக்கு நோய் தீவிரமாகிறது. அதனால் பயப்படத் தேவையில்லை, கவனமாக இருந்தால் போதும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

டெங்கு மூன்று வழிகளில் மூளையையும் நரம்பையும் பாதிக்கிறது. மூன்றும் வெவ்வேறு, சிகிச்சையும் வெவ்வேறு.

முதல் வழி: உடல் கெட்டு மூளை தடுமாறுவது. அதிகம் காணப்படுவது இதுதான். டெங்குவில் ரத்தநாளங்களில் இருந்து நீர் கசியும். ரத்த அழுத்தம் சரியும். கல்லீரல் பாதிக்கப்படலாம். ரத்தத்தில் சோடியம் குறையலாம். இதில் எது நடந்தாலும் மூளைக்குப் போக வேண்டிய ரத்தமோ, ஆக்சிஜனோ, உப்புச் சமநிலையோ கெடும். மூளைக்குள் வைரஸ் நுழையாமலேயே ஆள் உளறத் தொடங்கலாம், மயங்கலாம், வலிப்பு வரலாம். அடிப்படைக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் மூளையும் தெளிவடையும். தட்டணுக்கள் மிகவும் குறைந்த சிலருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படுவதும் உண்டு. அது அரிது, ஆனால் மிக ஆபத்தானது.

இரண்டாவது வழி: வைரஸ் நேரடியாக நுழைவது. சிலருக்கு டெங்கு வைரஸ் மூளைக்குள்ளேயே சென்று அழற்சியை உண்டாக்குகிறது. முதுகுத் தண்டுவட நீரில் வைரஸையோ அதற்கு எதிரான ஐஜிஎம் ஆன்டிபாடியையோ கண்டுபிடித்து இதை உறுதி செய்கிறார்கள். டெங்கு வைரஸில் 4 வகைகள் உண்டு. அவற்றில் 2ஆம் வகையும் 3ஆம் வகையும் நரம்பு பாதிப்புகளோடு அதிகம் தொடர்புபடுத்தப்படுகின்றன.

மூன்றாவது வழி: நம் எதிர்ப்பு சக்தியே திரும்பித் தாக்குவது. காய்ச்சல் போய்விடும். வேலைக்குக்கூடத் திரும்பியிருப்பார். ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்து கால் மரத்துப்போகும், படியேற முடியாது. வைரஸை அழிக்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, அடையாளம் தெரியாமல் நரம்புகளையே தாக்குவதுதான் காரணம். 2025 ஜனவரியில் புனேவில் பலருக்கு வந்து செய்தியானதே, கில்லன் பாரே சிண்ட்ரோம் என்ற ஜிபிஎஸ், அது இந்த வகைதான். புனேவில் அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது ஒரு வகை குடல் பாக்டீரியா. டெங்குவுக்குப் பிறகும் அதே ஜிபிஎஸ் வரலாம். தண்டுவடத்தில் அழற்சி ஏற்பட்டால் கால்கள் செயலிழப்பதோடு சிறுநீர் கழிக்க முடியாமலும் போகும்.

இந்த மூன்றிலும் சேராத இன்னொன்றும் இருக்கிறது. டெங்குவின்போது ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, ஒரே இரவில் கை கால்கள் தளர்ந்து போவது. இந்திய மருத்துவமனைகளில் இது பலமுறை பதிவாகியுள்ளது. பார்க்கும் குடும்பத்துக்குப் பக்கவாதம் வந்துவிட்டது போலத் தோன்றும். பொட்டாசியம் அளவைப் பார்த்துச் சரிசெய்தால் பெரும்பாலும் சில நாட்களிலேயே எழுந்து நடப்பார்கள். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இலங்கையில் இருந்து ஒரு தகவல். டெங்குவுக்குப் பிறகு தள்ளாட்டம் வந்த 3 நோயாளிகளைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 2014இல் எழுதினார்கள். உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை பாதிக்கப்பட்டதால் வந்த தள்ளாட்டம் அது. மூவருக்கும் அது தானாகவே சரியானது.

இந்தத் தகவலை வட சென்னையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடை தள்ளாடி, நாக்குக் குழறி ஒருவர் வந்தால் தெருவில் என்ன சொல்வார்கள்? "காலையிலேயே ஏத்திக்கிட்டாரு" என்பார்கள். நான்கு நாட்களுக்கு முன்பு அவருக்குக் காய்ச்சல் இருந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டும்.

எந்த நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

1 முதல் 3ஆம் நாள் வரை: கடும் காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி. குழந்தைகளுக்குக் காய்ச்சல் வேகத்தில் வலிப்பு வரலாம். பெரியவர்களுக்கு இந்த நாட்களில் வலிப்பு வந்தால் அது சாதாரணமில்லை.

3 முதல் 7ஆம் நாள் வரை: காய்ச்சல் குறையும். டாக்டர்கள் ஆபத்துக் கட்டம் என்று சொல்வது இந்த நேரத்தைத்தான். ரத்தநாளங்களில் இருந்து நீர் கசிவது இப்போதுதான் அதிகமாகும். இந்தக் கட்டம் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். குழப்பம், அதிகத் தூக்கம், கை கால் சில்லிடுவது எல்லாம் இந்த நேரத்தில் வரலாம்.

7ஆம் நாளுக்குப் பிறகு: பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். சிலருக்குப் பார்வை மங்கலாகத் தெரியலாம். அடுத்த 3, 4 வாரங்களில் கால் மரத்துப்போவது, தளர்ச்சி, சிறுநீர் கழிக்க முடியாமை இருந்தால், "போன மாசம் டெங்கு வந்துச்சு" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

வட சென்னைக்கு ஏன் இது முக்கியம்?

சென்னைக்கும் டெங்குவுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. இந்தியாவில் டெங்கு போன்ற காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியதாக முதலில் பதிவானதே 1780இல், அன்றைய மெட்ராஸில்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கப்பல்களில் குடிநீர் நிரப்பி வைத்த பீப்பாய்களில் முட்டையிட்டு, துறைமுகம் துறைமுகமாக உலகம் முழுக்கப் பரவிய கொசு அது. பீப்பாய் போய் இன்று பிளாஸ்டிக் டிரம் வந்திருக்கிறது. கொசுவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று உறுதியாகத் தெரியாத தெருக்களில், லாரித் தண்ணீரை நம்பி இருக்கும் குடியிருப்புகளில், டிரம்மிலும் குடத்திலும் தண்ணீர் பிடித்து வைக்காமல் வாழ முடியாது. இது மக்களின் அலட்சியம் இல்லை. தண்ணீர் கிடைக்கும் விதம் அப்படி. ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடாது. இப்படிச் சேமித்த நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். மூடாத டிரம், வாசலில் கிடக்கும் தேங்காய் ஓடு, பழைய ஆட்டுக்கல், ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு எதுவும் போதும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும்.

இதோடு துறைமுகமும் கன்டெய்னர் லாரிகளும் இருக்கின்றன. சாலையோர பஞ்சர் கடைகளிலும் லாரி நிறுத்தங்களிலும் கிடக்கும் பழைய டயர்கள் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். டயருக்குள் தேங்கும் மழைநீரை முழுவதுமாகக் கொட்டவே முடியாது. சர்வதேச சுகாதார விதிகளின்படி, துறைமுகங்களில் பயணிகளும் சரக்கும் கையாளப்படும் பகுதியைச் சுற்றி குறைந்தது 400 மீட்டர் தூரத்துக்காவது நோய் பரப்பும் கொசுக்களைக் கட்டுப்படுத்த வேண்டும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் துறைமுகச் சுவரைத் தாண்டினால் வீடுகள்தான். சுவருக்கு உள்ளே துறைமுகமும் வெளியே மாநகராட்சியும் தனித்தனியாக மருந்தடித்தால் கொசு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போய்விட்டு வரும். இரண்டு நிர்வாகங்களும் ஒரே நாளில், ஒரே திட்டத்தோடு வேலை செய்தால்தான் பலன் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். சென்னையில் 2011இல் 50 இடங்களில் 1,010 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்த ஒரு ஆய்வில், 93 சதவிகிதம் பேருக்கு ஏற்கனவே டெங்கு தொற்று வந்துபோனதற்கான அடையாளம் இருந்தது. தங்களுக்கு டெங்கு வந்தது என்று அறிந்திருந்தவர்கள் மிகச் சிலரே. சென்னையில் உள்ள தேசிய நோய்த் தொற்றியல் நிறுவனம் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், தென்னிந்தியாவில் இந்த அளவு 76.9 சதவிகிதமாக இருந்தது. இதற்கு என்ன அர்த்தம்? ஒரு வகை டெங்கு வந்துபோனவருக்கு வேறொரு வகை வந்தால், இரண்டாவது முறை நோய் தீவிரமாக வாய்ப்பு அதிகம். "எனக்கு டெங்கு வந்ததே இல்லை" என்று நம்பும் சென்னைவாசிக்கும் இது இரண்டாவது முறையாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வேலை. துறைமுகத்தில் லோடு ஏற்றுபவர், காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவர், மணலி பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர் என யாராக இருந்தாலும் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு நான்காவது நாள் உடம்பு குளிர்ந்ததும் வேலைக்குக் கிளம்புவதுதான் வழக்கம். ஆபத்துக் கட்டம் தொடங்குவதும் அதே நாளில்தான். "ஜுரம் விட்டுச்சு, இன்னா இப்ப" என்று வெயிலில் இறங்கினால் உடலில் நீர் இன்னும் குறையும். உயரத்தில் நின்று வேலை செய்பவருக்கோ, கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கோ அந்த நேரத்தில் வலிப்போ மயக்கமோ வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒப்பந்ததாரர்கள் செய்யக்கூடிய ஒரு விஷயம் உண்டு. டெங்கு உறுதியான தொழிலாளிக்கு, காய்ச்சல் விட்ட பிறகும் குறைந்தது இரண்டு மூன்று நாட்கள் ஓய்வு கொடுப்பது. அதையும் கூலியோடு கொடுத்தால்தான் அவரால் எடுக்க முடியும்.

கணக்கில் வராத பாதிப்பு

தமிழ்நாட்டில் 2012இல் டெங்குவால் 66 பேர் உயிரிழந்தனர். 2017இல் 23,294 பேர் பாதிக்கப்பட்டனர், 65 பேர் உயிரிழந்தனர். 2024இல் பாதிப்பு 27,000ஐத் தாண்டியது, ஆனால் உயிரிழப்பு 13. பாதிப்பு கூடியும் இறப்பு குறைந்திருப்பது உண்மையான முன்னேற்றம். சீக்கிரம் பரிசோதிப்பது, அளவறிந்து குளுக்கோஸ் ஏற்றுவது, காய்ச்சல் வார்டுகளில் தொடர்ந்து கண்காணிப்பது போன்றவை உதவியிருக்கின்றன.

ஆனால் அரசு வெளியிடும் டெங்கு கணக்கில் இரண்டு கட்டங்கள்தான் உண்டு: பாதிக்கப்பட்டவர்கள், இறந்தவர்கள். பிழைத்து, அதன் பிறகு வலிப்பு மாத்திரையோடு வாழ்பவர் எந்தக் கட்டத்தில் வருவார்? ஒரு மாதம் கழித்துக் கால் தளர்ந்து நரம்பியல் வார்டில் சேர்ந்தவர்? முதல் கட்டத்தில் ஒரு எண்ணாக அவர் ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டார். அதற்கு மேல் அவரைப் பற்றிய தகவல் பொதுவெளியில் இல்லை.

இறப்பைக் குறைத்துவிட்ட ஒரு மாநிலம் அடுத்து கவனிக்க வேண்டியது இதைத்தான். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில், "அடுத்த 4 வாரங்களில் கால் தளர்ச்சி, மரத்துப்போதல், பார்வை மங்கல் இருந்தால் உடனே வரவும்" என்று தமிழில் ஒரு வரி சேர்க்கலாம். மூன்றாவது வாரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து ஒரு போன் செய்து விசாரிக்கலாம். கணக்கில் நரம்பு பாதிப்புக்கு என்று ஒரு கட்டம் சேர்க்கலாம்.

டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காய்ச்சல் தொடங்கிய முதல் 5 நாட்களுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை பயன்படும். 5ஆம் நாளுக்குப் பிறகு ஐஜிஎம் பரிசோதனை. நாள் தவறிப் பரிசோதித்தால் டெங்கு இருந்தும் 'இல்லை' என்று வரலாம்.

மூளை பாதிப்பு இருந்தால் வேலை சிக்கலாகிறது. மூளை அழற்சியை உறுதி செய்ய முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுக்க வேண்டும். ஆனால் டெங்குவில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். அந்த நிலையில் முதுகில் ஊசி போட்டால் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் உண்டு. அதனால் டாக்டர்கள் சில நேரம் காத்திருப்பார்கள், ஸ்கேனை வைத்து முடிவெடுப்பார்கள். "ஏன் இன்னும் டெஸ்ட் எடுக்கல?" என்று வார்டில் சண்டை போடும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ரத்தக்கசிவு இருக்கிறதா என்று உடனடியாகப் பார்க்க சிடி ஸ்கேன் உதவும். அழற்சியைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும்.

காய்ச்சலோடு நினைவு தடுமாறினால் அது டெங்குவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மலேரியா, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லாமே இப்படி வரலாம். மழைவெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வாய்ப்பு உண்டு. இவற்றில் பலவற்றுக்குத் தனி மருந்துகள் இருப்பதால், எல்லாவற்றையும் பரிசோதிக்க வேண்டியிருக்கிறது.

சிகிச்சை உண்டா? குணமாகுமா?

டெங்கு வைரஸை அழிக்கும் தனி மருந்து இன்னும் இல்லை. ஆனால் அது உண்டாக்கும் பாதிப்புகளுக்குச் சிகிச்சை உண்டு. ரத்த அழுத்தத்தைச் சரிசெய்வது, சோடியம், பொட்டாசியம், சர்க்கரை அளவைச் சமன் செய்வது, வலிப்பை நிறுத்தும் மருந்து, மூச்சுக்கு உதவும் கருவி. ஜிபிஎஸ் வந்தால் இம்யூனோகுளோபுலின் மருந்து அல்லது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை. சில வகை அழற்சிக்கு ஸ்டீராய்டு. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய முடியும். சீக்கிரம் வந்து சேர்ந்தவர்களில் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். மூளை அழற்சியோ ரத்தக்கசிவோ ஏற்பட்டவர்களில் சிலருக்குப் பாதிப்பு நீடிக்கலாம்.

வட சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகில் இருக்கிறது. சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியலுக்கென்றே தனி நிலையம் உண்டு. குழந்தைகளுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. எண்ணூரில் இருந்து ஸ்டான்லிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல். வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது அங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் "விடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருக்க வேண்டாம். நினைவு தெளிவாக இல்லாதவரை பைக்கில் நடுவில் உட்கார வைத்து அழைத்துச் செல்வதும் ஆபத்து. 108க்கு அழையுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை

டெங்கு நோயாளி வீட்டில் இருந்தால், காய்ச்சல் குறையத் தொடங்கியதில் இருந்து சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் சேர்த்து, இதைச் செய்து பாருங்கள்:

• பேர் சொல்லி எழுப்புங்கள். உடனே விழிக்கிறாரா?
• இன்று என்ன கிழமை, எதிரில் இருப்பது யார் என்று கேளுங்கள். சரியாகச் சொல்கிறாரா?
• இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரே அளவு தூக்க முடிகிறதா?
• நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று. தள்ளாடுகிறாரா?
• கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார்? ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதா?

கைக்குழந்தை என்றால், வழக்கத்துக்கு மாறான வீறிடல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் தூங்குவது, அம்மாவை அடையாளம் தெரியாதது போலப் பார்ப்பது எல்லாம் எச்சரிக்கை.

இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். "பிளேட்லெட் ஒன்றரை லட்சம் இருக்கே" என்று சமாதானம் சொல்ல வேண்டாம். நரம்பு பாதிப்பு வர தட்டணு குறைந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

செய்யக் கூடாதவை

வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள். அதனால் வலிப்பு நிற்காது. பல்லுக்கு இடையில் ஸ்பூன் வைக்காதீர்கள். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, சுற்றியிருக்கும் பொருட்களை அகற்றினால் போதும்.

அரைமயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிலவேம்புக் குடிநீரை அரசே மக்களுக்கு வழங்கியிருக்கிறது. பப்பாளி இலைச் சாற்றைப் பலரும் நம்புகிறார்கள். ஆனால் விழுங்கும் தெளிவு இல்லாதவருக்குத் தண்ணீரைப் புகட்டினாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மருத்துவமனைக்குப் போவதற்குப் பதிலாக எந்தக் கஷாயமும் உதவாது.

ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவு அபாயத்தை அவை கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

"பிளேட்லெட் ஏத்துங்க" என்று டாக்டரை வற்புறுத்தவும் வேண்டாம். தேசிய வழிகாட்டுதல்படி, ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்குத் தட்டணு 10,000க்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவதைப் பற்றி யோசிக்கிறார்கள்.

தடுப்பூசி எப்போது வரும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் பனேசியா பயோடெக் நிறுவனமும் இணைந்து 'டெங்கிஆல்' என்ற தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனையை 2024 ஆகஸ்டில் தொடங்கின. 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தத் திட்டமிடப்பட்ட இந்தப் பரிசோதனையில், 4 வகை டெங்குவுக்கும் எதிராக ஒரே தவணை ஊசி சோதிக்கப்படுகிறது. தடுப்பூசி பொதுப் பயன்பாட்டுக்கு வரும்வரை நம் கையில் இருப்பது டிரம் மூடியும் கொசுவலையும்தான். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. அதனால் பகலில் தூங்கும் குழந்தைக்கும், நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவருக்கும் வலை வேண்டும். டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டைகள் தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது.

வடகிழக்குப் பருவமழை வரும்போதெல்லாம் சென்னையில் காய்ச்சலும் வருகிறது. இந்த முறை உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ யாருக்காவது டெங்கு என்று கேள்விப்பட்டால் பிளேட்லெட் எவ்வளவு என்று கேளுங்கள், தவறில்லை. கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "நல்லா தெளிவா பேசுறாரா? எழுந்து நடக்குறாரா?"